தள்ளிப் போட்ட நாற்காலி

தலையணையில் முகம் புதைத்து இருமினால், தூரத்தில் யாரோ கல்லில் துணி துவைப்பது போல் கேட்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், பல்கலைக்கழக மகளிர் விடுதியின் தாழ்வாரத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அப்போது நான் அங்கே வார்டன்.

இருமியவள் பொன்மணி. சளியும் காய்ச்சலும் பரவாமலிருக்க மாணவர்கள் என்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அவளுடைய அறைத்தோழி நஸ்ரின், தன் அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு படிக்க வந்தவள். அதைக் காக்கும் மாத்திரைகள் அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்தன. மற்றவர்களுக்கு வெறும் சளி. அவளுக்கு அது உயிர் விஷயம்.

அன்று காலை பொன்மணி தன் பேராசிரியை ஜெபமலரிடம் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

"மேடம், பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. வாயை மூடி இருமணும், கை கழுவணும், சளி பிடிச்சா தள்ளி இருக்கணும். ஆனா ஒருத்தரும் தள்ளி இருக்கிறதில்ல. ஏன் மேடம்?"

"நீ இருக்கியா?"

பதில் சொல்வதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"நஸ்ரினுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். வீட்டுல அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அக்கா குழந்தையைத் தூக்கக்கூட விடமாட்டாங்களாம். இங்க வந்தப்ப நான் அவ டிபன் டப்பாவுல கைவிட்டுச் சாப்பிட்டேன். அன்னைக்கு அழுதுட்டா. நீயாவது என்னைத் தள்ளி வைக்காதேன்னு சொன்னா."

சற்று நிறுத்தி, "காலையில ஒரு தடவை தும்மினா மேடம். உடனே உங்ககிட்ட ஓடி வந்துட்டேன்" என்றாள்.

ஜெபமலர் எழுந்தார். தன் நாற்காலியை அறையின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டார். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு உட்கார்ந்தார்.

பொன்மணியின் முகம் சுருங்கியது.

"சுருக்குன்னு இருக்கா?"

"ஆமா மேடம்."

"கோபமா?"

"கொஞ்சம்."

"இருக்கட்டும். மேல சொல்லு. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."



"அறை மாறினேன்னா அவ மன்னிக்க மாட்டா மேடம். அவ பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. ஜென்மத்துக்கும் எங்கூடப் பேச மாட்டா."

"பேசாம இருக்கட்டும். பேசாம இருக்கிறதுக்கும் அவ இருக்கணும் இல்லையா?"

பொன்மணி எழுந்து விடுதிக்குத் திரும்பினாள்.

மத்தியானமே என்னிடம் வந்து கீழ்த்தளத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டாள். சளி பிடித்திருப்பதையும் அறை மாறுவதையும் நஸ்ரினிடம் வாசலில் நின்றபடியே சொன்னாள். நஸ்ரின் கதவைச் சாத்தினாள்.

நஸ்ரின் இப்போது கரூரில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். பொன்மணியோடு இன்றுவரை பேசியதில்லை.