பிழையில்லாத வாக்கியம்

“விசிட் என்றால் போய்ப் பார்ப்பது. அது தெரியும், டீச்சர். வாக்கியத்தில் எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை,” என்றாள் யூமெய்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்கத் தைவானிலிருந்து வந்தவள் அவள். அவளோடு சீன மொழி பேச அந்த ஊரில் ஒருவரும் இல்லை. சனிக்கிழமைகளில் தமயந்தி டீச்சரின் வகுப்பில் ஆங்கிலம் படித்தாள். டீச்சர் அவளைவிடச் சின்னவர்.

“ஒரு வாக்கியம் எழுதிட்டு வாங்க.”

அடுத்த வாரம் எழுதி வந்தாள். நான் என் நண்பன் டாமை விசிட் செய்கிறேன்.

“டாம் யாரு?”

“புத்தகத்தில் இருக்கிறார்.”

“வீடு எங்கே?”

யூமெய்க்குத் தெரியவில்லை.

பின் பெஞ்சில் ஒருத்தி, பாவம் டாம், காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யூமெயும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

“எனக்கு உங்க வாக்கியம் வேணும்,” என்றார் டீச்சர்.

யூமெய் தனியாக இருந்த வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஜோடியாகத்தான் தருவேன் என்று கடைக்காரர் சொன்னதால் வாங்கியவை. ஒன்றில் உட்கார்ந்து யோசித்தாள். மற்றது கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு எதிரே இருந்தது.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு எழுதினாள்.

என்னை யாரும் விசிட் செய்வதில்லை.

சனிக்கிழமை டீச்சர் அதைப் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“தப்பு.”

“எந்த இடத்தில்?”

“நாளைக்குச் சொல்றேன்.”

நாளை ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. யூமெய் நோட்டை மூடிப் பையில் வைத்தாள்.

காலையில் அந்த வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அழுகை வந்தது.

எங்கோ மணி அடித்தது. பக்கத்து வீடு என்று நினைத்தாள். மறுபடி அடித்தபோதுதான், அது தன் வீட்டு அழைப்பு மணி என்று தெரிந்தது. அதன் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்தாள்.

மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு டீச்சர் நின்றிருந்தார். கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

“தப்பு எங்கே, டீச்சர்?”

டீச்சர் செருப்பைக் கழற்றினார்.

“உள்ளே வரலாமா?”

யூமெய் உள்ளே ஓடி, இரண்டாவது நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள்.