நூல் நின்ற இடம்

திருப்பூரில் ஃபரீதா என்றொரு ஆசிரியை இருந்தாள். தொழிலுக்காக வீடியோ எடுப்பவர்களுக்குச் சொல்லித் தருவாள். வயது முப்பது. அவளிடம் வந்து சேர்ந்த சீடர் குழந்தைவேலுவுக்கோ ஐம்பத்தாறு. இந்தக் கதையில் நரைத்த தாடி சீடருக்குத்தான்.

குழந்தைவேலு தையல் மெஷின் மெக்கானிக். முப்பது வருடம் பைக்கில் அலைந்து துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின்களைப் பழுது பார்த்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. சின்னச் சின்ன வேலைகளை வாடிக்கையாளர்களே செய்துகொள்ளும்படி வீடியோ எடுத்துக் கொடுத்தால் இனி உட்கார்ந்த இடத்தில் வேலை என்று அவருடைய முதலாளி சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் ஒரு வீடியோவாவது உருப்படியாக வர வேண்டும். வராவிட்டால் பழையபடி பைக்தான். மனிதர் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

மூன்று கேமராக்களின் படத்தை அவள் முன்னால் பரப்பினார்.

"இதுல எதை வாங்கட்டும் அம்மிணி?"

ஃபரீதா படங்களைப் பார்க்கவில்லை. போனில் ஏதாவது எடுத்துப் பார்த்தாரா என்று கேட்டாள். ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோப்பதை எடுத்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் காலை அவருடைய பட்டறைக்கே வந்துவிட்டாள். அந்த வீடியோவை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடி தானே நூல் கோக்க உட்கார்ந்தாள். மெஷினைப் பற்றி அவளுக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது.

மூன்றாவது கொக்கியிலேயே நூல் நின்றுவிட்டது. வீடியோவில் அந்த இடத்தை அவர் கையே மறைத்திருந்தது. மெஷினைத் தொட்டதும் அதன்மேல் கவிழ்ந்துகொள்வது அவர் வழக்கம். அவருக்குக் கண் வேண்டியதில்லை, விரலே வழி பார்த்துக்கொள்ளும்.

உதவ எழுந்து வந்தார். ஃபரீதா கைகாட்டி நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை இதைப் பாக்கறவங்க பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்கண்ணா."

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நூல்கோன்களை மெஷினுக்கு அந்தப் பக்கம் வைத்து, அவற்றில் போனைச் சாய்த்து மறுபடி எடுத்தார். இந்த முறை அவள் கோத்த நூல் கொக்கியைத் தாண்டி, மெஷினின் அடிமூடிக்குள் இருட்டில் நின்றது. அங்கே என்ன இருக்கிறதென்றே படத்தில் தெரியவில்லை. விளக்கை இழுத்து அருகே கட்டினார். அடுத்த முறை, "பின்னாடி வழியா" என்று அவர் சொன்னது ஃபேன் இரைச்சலில் அவள் காதில் விழவில்லை. நூலை முன்பக்கமாக விட்டாள், அறுந்தது. அவர் ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நான்காவது முறை எடுத்தார்.

ஃபரீதா அதைப் பார்த்துப் பார்த்துக் கோத்தாள். நூல் ஊசிக்காது வரை போய்ச் சேர்ந்தது. பெடலை மிதித்தாள். வெட்டுத்துணியில் தையல் வரிசையாக விழுந்தது.

ஒரு வாரமாக இருந்த பயம் குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் இறங்கியது. சந்தோஷத்தில் தாடியைத் தடவிக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த மூன்று படங்களையும் எடுத்துப் பிரித்தார்.

"இப்பவாவது சொல்லுங்க அம்மிணி. எந்தக் கேமரா?"

ஃபரீதா தையல் விழுந்த துணியை அந்தப் படங்களின்மேல் வைத்தாள்.

"நாலு தடவை கோத்தேன். கேமரா இல்லைன்னு எந்த இடத்துலண்ணா நின்னேன்?"