டெண்டர் விடாமல் வந்த விறகு

திருமேனி, நகராட்சி ஆணையர். அவருடைய குரு, ஆற்றங்கரை மடத்தின் தலைவி ஞானாம்பிகை. குரு சீடரைவிடப் பத்து வயது இளையவர். திருமேனி அவரை "அம்மா" என்றுதான் அழைப்பார்.

குருபூஜை அன்று காலை, கையில் ஒரு கோப்போடு மடத்துக்கு வந்தார்.

"பூந்தோட்டத் தெரு குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்துடுச்சும்மா. பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க. லாரித் தண்ணி உடனே அனுப்பணும். டெண்டர் விட்டா மாசக்கணக்கு ஆகும்."

"விடாம அனுப்ப வழி இல்லையா?"

"இருக்கு. அவசரம்னு எழுதி நானே கையெழுத்துப் போடலாம். எனக்கு முன்னால இருந்தவரும் அப்படித்தான் போட்டார். இப்ப சஸ்பெண்டாகி வீட்ல உட்கார்ந்திருக்கார். எப்பம்மா விலை கேட்காம வாங்கலாம்?"

அம்மா பதில் சொல்வதற்குள் சமையல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தார். ராத்திரி மழையில் விறகு மொத்தமும் நனைந்துவிட்டது. அடுப்பு புகைகிறதே தவிர எரியவில்லை. அண்டாவில் சோறு பாதி வெந்து நிற்கிறது.

"லாசர் கடையில விறகு ஏத்திட்டு வாங்க" என்றார் அம்மா, திருமேனியிடம்.

"என்ன விலைன்னு..."

"பாதியில நின்ன சோறு அப்புறம் வேகாது. போங்க."

விறகுக்கடை லாசர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஆணையரே விறகு தூக்க வந்துட்டாரா! எங்க தெருவுல குப்பை தூக்கத்தான் ஆளில்லை."

சிரித்துக்கொண்டே ஒரு குட்டியானை வண்டி நிறைய ஏற்றினார். தானும் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தார்.

"இனிமே வருஷம் பூரா மடத்துக்கு நம்ம விறகுதாம்மா" என்றார் இறங்கும்போதே.

"இப்ப உலைக்கு வேணுங்கிறதை இறக்குங்க. வண்டி நிக்கட்டும்" என்றார் அம்மா.

அடுப்பு பிடித்தது. சோறு வெந்தது. வடித்து இறக்கியபின் எரியாத கட்டைகள் சில மிஞ்சின. அம்மா அவற்றைத் தானே பொறுக்கி வண்டியில் போட்டார்.

லாசருக்கு முகம் சுண்டிவிட்டது. "இறக்கினதை யாராவது திருப்பி ஏத்துவாங்களா? நாளைக்கும் அடுப்பு எரியணுமே?"

"எரியணும். நாளை விறகுக்கு நாலு கடையில விலை கேட்போம். உங்க கடையிலயும் கேட்போம்."

"இன்னைக்கு ஆபத்துக்கு உதவினது நான்தானேம்மா?"

"ஆமா. அதனாலதான் பந்தியில முதல் இலை உங்களுக்கு."

பந்தி உட்கார்ந்தது. பூந்தோட்டத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அம்மா இலைகளுக்கு நடுவே வந்து நின்றார்.

"இன்னைக்குச் சோறு லாசர் கடை விறகுல வெந்தது. விலை கேட்காம வாங்கினோம். மடத்து விறகு நனைஞ்சுபோச்சு. மழைக்காலம்னு தெரிஞ்சும் கொட்டகையை மூடாம விட்டது நான்."

"முதல்ல சோத்தைப் போடச் சொல்லுங்கம்மா" என்றது ஒரு குரல். பந்தி சிரித்தது.

திருமேனி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதையெல்லாம் இவங்ககிட்டச் சொல்லணுமாம்மா?"

"சாப்பிடறது அவங்கதானே?" என்றார் அம்மா. "உங்க கோப்பை எடுங்க. உரக்கப் படிங்க."

"இங்கேயா?"

அம்மா அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்.

அவர் கோப்பைப் பிரித்தார். முதல் வரிகளைப் படிக்கும்போது குரல் நன்றாகவே இருந்தது. "பூந்தோட்டத் தெருவில் குடிநீரோடு கழிவுநீர் கலந்துவிட்டது. குழந்தைகள் பாதிக்கப்பட்டுள்ளனர். எனவே டெண்டர் கோராமல், உடனடியாக லாரி மூலம் குடிநீர் வழங்க..."

அடுத்த வரியில் குரல் தடுமாறியது.

"...ஓராண்டு காலத்துக்கு..."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"ஒரு வருஷமா? அப்ப குழாயைச் சரி பண்ணப் போறதில்லையா சார்?"

யாரும் சிரிக்கவில்லை.

திருமேனி தூணோரம் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து 'ஓராண்டு' என்பதை அடித்தார். குழாய் சரியாகும் நாள்வரை மட்டும் என்று எழுதினார். குழாய் வேலையை அன்றே தொடங்க உத்தரவு எழுதினார். சற்று யோசித்து இன்னொரு வரியும் சேர்த்தார்: இந்தக் குழாயைக் கோடையிலேயே மாற்றியிருக்க வேண்டும்; மாற்றாமல் விட்டது நான்.

கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற டிரைவரைக் கூப்பிட்டுக் கோப்பைக் கொடுத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள தெருவுக்குத் தண்ணி வந்துடும்மா" என்றார். பிறகு, "ஆனா நாளைக்கு மேலிடத்துல என்கிட்ட விளக்கம் கேட்பாங்க" என்றார்.

"கேட்பாங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

அம்மா அவருக்கும் ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"அங்கேயும் உரக்கப் படிங்க."