வேல் நட்டுப் போட்ட புடலைப் பந்தல்

உலகுடைய ராசா என்று பெயர்தான் பெரிது. அவருடைய ராச்சியத்தில் இந்தக் கோடியில் சேவல் கூவினால் அந்தக் கோடியில் இருப்பவன் எழுந்து பல் துலக்கிவிடுவான். அத்தனை சின்ன ராச்சியம். அதையும் அந்த வருஷத்து ஆடிக் காற்று சும்மா விடவில்லை. சபா மண்டபத்துக் கூரையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மேலைச்சீமையிலிருந்து புரட்டாசியில் தூதர் வருகிறார் என்று செய்தி வந்தது. மேலைச்சீமை ராசா பெரிய படைக்காரர். முதலில் தூதரை அனுப்பி ஆழம் பார்ப்பார். எதிராளி இளைத்தவன் என்று தெரிந்தால் பின்னாலேயே படையை அனுப்பிவிடுவார்.

"வர்ற மனுஷனை எங்கேய்யா உட்கார வைக்கிறது?" என்று உலகுடைய ராசா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொக்கிஷக்காரர் நாகலிங்கம் தொண்டையைக் கனைத்தார். சபையில் வேடிக்கையாகப் பேசியே சம்பளம் வாங்குகிற சடையாண்டியைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மகாராசா, தோட்டத்துல ஒரு கொடிப்பந்தல் போட்டுட்டா குளுகுளுன்னு இருக்கும். நம்ம சடையாண்டிதான் வாயாலயே மாளிகை கட்டுவானே, அவனே போடட்டும். ஆனா பொக்கிஷத்துல காசு கிடையாது."

ராசாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "கேட்டியா சடையாண்டி? பந்தலைப் பார்த்து அந்தத் தூதர் அசந்து போகணும். நம்மளை இளைச்சவன்னு நினைச்சுப் படை வந்துச்சுன்னா, முதல் வரிசையில நீதான் நிப்பே."

சடையாண்டி வீட்டு அரிவாள்மனையைத் தாண்டிப் போகவே பயப்படுகிற ஆள். அவனைக் கொண்டுபோய்ப் போர்க்களத்தில் நிறுத்தினால்?

மூங்கில்காரனிடம் கடன் கேட்டான். "அரண்மனைக்குக் கடனா? போன தடவை கொடுத்ததுக்கே நான் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கேன்" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சடையாண்டி ஒரு ஓட்டை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். செம்படவர் தெருவில் கிழிந்த வலை கிடைத்தது, கொடி ஏற அதைவிட என்ன வேண்டும்? ஒழுகுகிற பரிசல் ஒன்று கிடைத்தது. கவிழ்த்துப் போட்டு மேலே பாய் விரித்தால் ஆசனம். உடைந்த தேர்ச்சக்கரத்தைப் பந்தலின் உச்சிக்கு வைத்துக்கொண்டான். எல்லாம் சும்மா வந்தவை. பேரம் பேசி வாங்கியது புடலை விதை மட்டும்தான், அதற்கும் நாலு சிரிப்புக் கதை சொல்லி விலையைக் குறைத்துவிட்டான்.

ஆனால் நடுவதற்குக் கால் வேண்டுமே! கடைசியில் ஆயுதக் கிடங்குக்குப் போனான். மூலையில் துருப்பிடித்த வேல்கள் குவிந்து கிடந்தன. ராசாவின் பாட்டன், முப்பாட்டன் காலத்துச் சாமான். ஒன்று இலை மாதிரி, ஒன்று சூலம் மாதிரி, ஒன்றுக்கு முனையே இல்லை. "எடுத்துட்டுப் போனா புண்ணியமாப் போகும்" என்று கிடங்குக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். கூடவே கேடயங்களையும் ஏற்றிவிட்டான். துரு தின்று ஓட்டை விழுந்த கேடயங்கள். மண் நிரப்பிப் பூச்செடி வைத்தால் தண்ணீர் தானே வடியும் என்று சடையாண்டிக்கு ஒரே சந்தோஷம்.

புரட்டாசியில் பந்தல் பச்சைப் பசேலென்று மூடிக்கொண்டது. உள்ளே புடலங்காய்கள் சரம் சரமாகத் தொங்கின. தூதர் வந்தார், பரிசல் ஆசனத்தில் உட்கார்ந்தார், நீர்மோர் குடித்தார். "ஆகா, என்ன குளிர்ச்சி!" என்றார். சடையாண்டிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாகலிங்கத்துக்குப் பொறுக்குமா? நாடு போனாலும் சரி, சடையாண்டி மாட்டினால் போதும் அவருக்கு. "தூதருக்கு வெளிச்சம் பத்தலையே" என்று சொல்லிக்கொண்டே, எழுந்து போய்க் கொடியை விலக்கிவிட்டார்.

தூதர் உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "வேலா? புடலங்கொடிக்கு வேலா? அதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல! கேடயமெல்லாம் ஓட்டை! இதுதான் உங்க படையோட லட்சணமா? எங்க ராசா கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவார்."

ராசாவின் முகம் சுண்டிப்போனது. போர்க்களத்து முதல் வரிசை சடையாண்டியின் கண்முன் வந்து நின்றது. அந்தப் பயமே அவன் நாக்கைப் பிடித்துத் தள்ளியது.

"ஐயா, இது எங்க படையோடது இல்லீங்களே!"

"பின்னே யாரோடது?"

"எங்க மேல படையெடுத்து வந்தவங்க ஓடுறப்பப் போட்டுட்டுப் போனதுங்க. நல்ல இரும்பு, தூக்கி எறிய மனசு வரல. நீங்களே பாருங்க, ஒரே ராசாவோட வேல்னா ஒரே மாதிரி இருக்காதா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சீமை."

தூதரின் சிரிப்பு பாதியில் நின்றது. "கேடயத்துல ஓட்டை?"

"அது எங்க ஆளுங்க போட்டதுங்க."

"அப்போ உங்க வேலெல்லாம் எங்கே?"

"தீட்டி உள்ளே வச்சிருக்கோம். அதையெல்லாம் எடுத்துக் காய்கறிக்கு நடுவோமா?"

சடையாண்டி குனிந்து, தரையில் இடித்து வளைந்து கிடந்த ஒரு புடலங்காயை அன்போடு தூக்கிக் காட்டினான்.

"ஒரே ஒரு குறைதாங்க. இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் குட்டை வேலாக் கொண்டுவந்துட்டாங்க. புடலங்காய் தரையில முட்டுது. உங்க ராசா வர்றதா இருந்தா, கொஞ்சம் நீளமாக் கொண்டுவரச் சொல்லுங்க."

தூதர் விருந்துக்குக்கூட நிற்கவில்லை. "என்றைக்கும் நாம சிநேகிதங்க" என்று ராசாவிடம் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிவிட்டார். அவர் தலை மறைந்ததும் ராசா சிரித்தாரே ஒரு சிரிப்பு, தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். பந்தலுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலை நாகலிங்கத்துக்கு.

அடுத்த மாதமே மேலைச்சீமையிலிருந்து வரிசையாக வண்டிகள் வந்தன. படைதானோ என்று சடையாண்டி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வண்டி நிறைய மூங்கில்! ஒவ்வொன்றும் பனைமரத்து உயரம்.

முன்னால் வந்த வண்டிக்காரன் ராசாவைக் கும்பிட்டுச் சொன்னான்: "எங்க ராசா வரலீங்க. புடலங்காய்க்கு இந்த உயரம் போதுமான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னார்."