மூலைக்குப் போன சப்வூஃபர்

கோவில்பட்டி ஆடியோ கடையில் இசக்கிராசு என்றொரு ஊழியன். ஒருநாள் காண்ட்ராக்டர் தவசிலிங்கம் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார். “பத்தாயிரத்துக்குள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி வேணும். லட்ச ரூபாய்ப் பெட்டி மாதிரி நெஞ்சு அதிரணும். என் காதை ஏமாத்த முடியாது!”

“ஐயா கேட்டதைக் கொடுக்கலைன்னா வேலையை விட்டுப் போயிரு” என்றார் முதலாளி. இசக்கிராசுவின் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

“கண்ணை மூடிக் கேளுங்க ஐயா” என்று ஒரு பெட்டியைப் போட்டான்.

“தகர டப்பா!” என்றார் காண்ட்ராக்டர்.

சற்றுப் பொறுத்து மறுபடி போட்டான்.

“ஆகா, இதுதான்யா லட்ச ரூபாய்ப் பெட்டி!”

“கண்ணைத் திறங்க. ரெண்டு தடவையும் இதே ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிதான். நடுவுல இருந்ததைச் சுவர் மூலைக்கு நகர்த்தினேன், அவ்வளவுதான். மூலையில வெச்சா அதிர்வு கூடும்.”

காண்ட்ராக்டர் அதையே வாங்கிப் போனார். அப்பாடா என்று திரும்பினான் இசக்கிராசு. முதலாளி முறைத்துக்கொண்டு நின்றார்.

“மூலை ரகசியத்தைச் சொல்லிட்டியே, இனி பெரிய பெட்டியை எவன்டா வாங்குவான்? நாளையிலிருந்து வராதே.”