ஐந்தாவது வரியில் ஒரு இரண்டு

ஜெபசீலி தள்ளிய வேகத்தில் துறை அறையின் கதவு சுவரில் போய் மோதியது. கணிதம் முதலாண்டு படிக்கிற பெண். உள்ளே வரலாமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அன்றைக்குக் காற்றில் போயிற்று.

"மேடம், இது என்ன அநியாயம்?"

பேராசிரியை சண்முகவடிவு தலையைத் தூக்கவில்லை. "எது?"

"அசைன்மென்ட்ல கடைசிக் கணக்கு. வகுப்பே மூன்றில் ஒன்றுன்னுதான் விடை எழுதியிருக்கு. எல்லாருக்கும் அஞ்சுக்கு ரெண்டு ரெண்டு மார்க். எனக்கு மட்டும் முட்டை!"

சும்மா வந்த கோபமில்லை. இன்டர்னல் மதிப்பெண்ணில் முதலாவதாக வருகிறவருக்குத்தான் சென்னையில் கோடைப் பயிற்சி. துறைக்கு ஒரே இடம். இந்த இரண்டு மார்க் இல்லாமல் அது கையை விட்டுப் போயிருந்தது. வயிறு எரியாதா?

மேடம் அவளுடைய தாளைத் தேடி எடுத்தார்.

"ஐந்தாவது வரியில ரெண்டால பெருக்கியிருக்க. அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

வந்த வழி அவளுக்குத் தெரியாதா என்ன! புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை மூன்றில் ஒன்று என்று போட்டிருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் எதையாவது நுழைத்துத்தானே ஆக வேண்டும்? கணக்குப் படிக்கிறவர்கள் யாரும் செய்யாததா?

"எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க மேடம். என்மேல மட்டும் உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபம்தான்." மேடம் அவளை நேராகப் பார்த்தார். "உன்மேல மட்டும்தான் கோபம்."

தாளின் அடியில் ஒயிட்னர் பூசிய இடத்தை நகத்தால் பறபறவென்று சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. உள்ளே ஜெபசீலியின் கையெழுத்தில் ஆறில் ஒன்று.

"புத்தகத்துல இருக்கிறது அச்சுப் பிழை. இதுதான் சரியான விடை."

அவளுக்குக் கோபம் முன்னைவிட அதிகமாக வந்தது.

"அப்போ வகுப்புலயே சரியாப் போட்டவ நான் ஒருத்திதானே! எனக்குத்தானே முழு மார்க்கும் தரணும்!"

"மத்தவங்களுக்குப் போடத் தெரியலை, புத்தகத்தைப் பார்த்தாங்க; முயற்சிக்கு ரெண்டு போட்டேன். போட்டு முடிச்சவளுக்கு முழு மார்க்கும் தந்திருப்பேன். ஒயிட்னரைப் பூசி அவ வாயை அடைச்சுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு நான் எதைத் தர?"