செம்பியின் முதுகில் பதினைந்து விதைகள்

அந்தக் காலத்தில், மரமும் மிருகமும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலத்தில், இணையதளம் என்று ஒன்று கிடையாது. அந்த வேலையைக் காட்டில் ஓர் அத்திமரம் பார்த்தது. யார் வந்தாலும் வரவேற்கும், கேட்டதைக் கொடுக்கும். ஒரே குறை, அதற்கு ஞாபகம் என்பது மருந்துக்கும் கிடையாது. பழம் தின்றுவிட்டு நாலு அடி போய்த் திரும்பி வந்தால், "யாரு நீங்க? புதுசா?" என்று கேட்கும்.

இதனால் அதிகம் அவதிப்பட்டவள் செம்பி என்ற மந்தி. அவள் குட்டி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இவள் காயைத் தின்றால் பால் குடிக்கிற குட்டிக்கு வயிறு வலிக்கும். அதனால் தினமும் மரத்தடியில் நின்று, "நான் பிள்ளை பெத்தவ, பத்தியம். கனிஞ்சது மட்டும் போடு" என்று முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும்.

ஒருநாள் மரமே வழி சொன்னது. "உன் முதுகுல ஒரு விதைய ஒட்டிவிடுறேன் தாயி. அடுத்த தடவை அதைப் பாத்ததும் எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்."

மரம் தன் பிசுபிசுத்த பாலைத் தொட்டுச் சின்ன விதை ஒன்றை அவள் முதுகில் ஒட்டியது. மறுநாள் செம்பி வாயைத் திறக்கும் முன்பே கனிந்த பழம் விழுந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நம்மை ஞாபகம் வைத்துக்கொள்ள இணையதளங்கள் நம் போனில் ஒட்டிவிடும் அந்த மாதிரி விதையைத்தான் இன்று குக்கி என்கிறோம். அதுவரை அதில் பாவம் ஒன்றுமில்லை.

பாவம் நரியோடு வந்தது. "உன் பேரைக் காடு முழுக்கச் சொல்லிக் கூட்டத்தைக் கூட்டிட்டு வரேன். வர்றவங்க முதுகுல என் விதையையும் ஒட்ட விடு" என்று மரத்திடம் கேட்டது. மரம் யோசிக்கவே இல்லை. கூட்டம் வரும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சுனையிடமும் தேன்பாறையிடமும் நரி ஏற்கெனவே இதே பேச்சைப் பேசி முடித்திருந்தது. முதுகுக்குச் சொந்தக்காரர்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு காலை, சுனையில் நீர் குடித்துக்கொண்டிருந்த செம்பியின் எதிரே நரி வந்து உட்கார்ந்தது. "பத்தியமெல்லாம் எப்படிப் போகுது? குட்டிக்குச் சேருற மாதிரி ஒரு கிழங்கு இருக்கு, வேணுமா?"

செம்பி திடுக்கிட்டாள். பத்தியத்தை அவள் அத்திமரத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"உன் முதுகுதான்" என்று சிரித்தது நரி. "நீ போற இடம், பேசுற பேச்சு எல்லாத்தையும் அங்க ஒட்டியிருக்கற என் விதைங்க எனக்குச் சொல்லிடும். காலையில சுனை. உச்சிவேளையில அத்தி. சாயங்காலம் தேன்பாறை. படுக்கை, மேட்டுப் பாறையோட இடதுபக்க இடுக்குல. சிறுத்தைகூட நேத்து விசாரிச்சுது. கேட்டவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியுமா?"

செம்பி சட்டென்று எழுந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. குட்டியை இறுக்கிக்கொண்டு தங்கை குறுவாலியிடம் ஓடினாள். "என் முதுகு என் கண்ணுக்குத் தெரியாதுடி. நீ பாரு. ஒண்ணு விடாம பிடுங்கு!"

குறுவாலி மயிரை விலக்கி விலக்கிப் பிடுங்கினாள். மொத்தம் பதினைந்து விதைகள். ஒன்று அத்தியுடையது, மற்ற பதினான்கும் நரியுடையவை. எது எவருடையது என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் செம்பி எல்லாவற்றையும் சுனையில் வீசினாள். படுக்கையையும் அன்றே மாற்றினாள். சிறுத்தை வந்து இடுக்கை மோந்து பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

மறுநாள் அவள் அத்திமரத்தடிக்குப் போனாள். காடே அங்கு நின்றிருந்தது. மரம் அவளைப் பார்த்து, "யாரு நீங்க? புதுசா?" என்றது. அவள் தலையில் நங்கென்று ஒரு பச்சைக் காய் விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாத்தியா?" என்றது நரி. "விதை இல்லாட்டி நீ யாரோ எவளோ. பேசாம ஒட்டிக்க."

செம்பி அந்தக் காயை எடுத்து நரியின் மூக்கைக் குறிபார்த்து எறிந்தாள்.

"மரம் மறந்தா நான் மறுபடியும் சொல்லிக்கிறேன். எனக்கு வாய் இருக்கு! இஷ்டத்துக்கு ஒட்ட என் முதுகு என்ன உன் அப்பன் வீட்டுச் சுவரா?" பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே ஒட்டுறதுன்னா முதல்ல கேளு. உன் விதை எது, அடுத்தவன் விதை எதுன்னு சொல்லு. பிடிச்சா வெச்சுக்குவேன், பிடிக்காட்டி பிடுங்குவேன். வேணாம்னு சொன்னாலும் பழம் போடணும். இல்லையா, இனி ஒரு குரங்கும் உன் கிளையில ஏறாது. உன் பழமும் விதையும் உன் காலடியிலேயே கிடந்து மக்கட்டும்!"

சிரிப்பு நின்றது. மான் ஒன்று மெல்ல முன்னால் வந்து, "என் முதுகையும் கொஞ்சம் பாரேன்" என்று குறுவாலியிடம் திரும்பி நின்றது. அடுத்து முயல் வந்தது, பிறகு காட்டெருமை. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது. மரம் நடுங்கிப்போய்ச் சம்மதித்தது.

ஆனாலும் பழைய குணம் லேசில் போகுமா? 'ஒட்டலாம்' என்பதைப் பெரிய இலையில் எழுதி முன்னால் தொங்கவிட்டது. 'வேண்டாம்' என்பதைக் கொழுந்து ஒன்றில் எழுதிப் பின்பக்கம் செருகியது. செம்பி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கொழுந்தைத் தேடிப் பிடித்து, எல்லோரும் பார்க்க அதைத் தொட்டு, தன் பத்தியத்தை மறுபடியும் ஒப்பித்தாள். கனிந்த பழம் விழுந்தது.

அன்று முதல்தான் குரங்குகள் ஒன்றின் முதுகை ஒன்று விலக்கிப் பார்க்கின்றன, இணையதளங்களும் குக்கி ஒட்டும் முன் வாசலிலேயே நம்மைக் கேட்கின்றன. 'வேண்டாம்' எங்கே ஒளிந்திருந்தாலும் தேடி அமுக்குங்கள், ஏற்கெனவே ஒட்டியிருப்பதைச் செட்டிங்ஸில் போய்ப் பிடுங்குங்கள். அந்த உரிமை செம்பி சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது.